ஆற்றுக்குள் விழுந்த மருதமரம்: இழுத்துப் போடுவதா, விடுவதா?

கேள்வி இதுதான். மட்டக்களப்பில் சித்தாண்டிப் பக்கம் முந்தனை ஆற்றங்கரையில், மார்கழி வெள்ளத்தோடு இரண்டு மருதமரம் வேரோடு சாய்ந்து ஆற்றுக்குள் கிடக்கின்றன. வயலில் தண்ணீர் வடியாமல் நிற்பது அந்த மரங்களால்தான், பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) பிடித்து இழுத்துக் கரையில் போட வேண்டும் என்கிறார் வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையார். ஆற்றில் வலை போடுகிறவர்கள் விட்டுவிடச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பெரும்பாலும் வலை போடுகிறவர்கள் சொல்வதைத்தான். மரத்தை முழுதாகக் கிடக்க விடுங்கள். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு குப்பை பிடிக்கும் கிளைகளை மட்டும் வெட்டுங்கள். ஆற்றுக்குக் குறுக்கே கிடந்தால் தலையை, அதாவது கிளை விரிந்த பக்கத்தை, நீரோட்டம் போகும் பக்கம் சாய்த்துத் திருப்பி விடுங்கள். பாலம், தாம்போதி (வெள்ளம் மேலாகப் பாயும் தாழ்ந்த வீதிக் கடவை), மதகு, துருசு (வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் கதவு) ஆகியவற்றுக்கு மேலே, அதாவது தண்ணீர் வரும் பக்கமாக, கிட்டக் கிடந்தால் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வெள்ளப் பழியைப் பார்ப்போம். மட்டமான நிலத்தில் ஓடும் ஆற்றுக்கு வேகம் குறைவு. வேகம் குறைந்த தண்ணீரிடம் இழப்பதற்கும் அதிகம் இல்லை. உரிக்காத தேங்காய் ஒன்றை ஆற்றில் போட்டு, 20 மீற்றர் தூரத்தைக் கடக்க எத்தனை செக்கன் என்று பாருங்கள். 40 செக்கன் என்றால் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு அரை மீற்றர். அடியில் இன்னும் மெதுவாகப் போவதால் 0.8 ஆல் பெருக்குங்கள், 0.4 வரும். அந்த வேகத்தில் ஓடும் தண்ணீர் மரத்தில் மோதி வேகம் முழுவதையும் இழந்தால்கூட அது எழும்பக்கூடிய உயரம் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 19.6 ஆல் வகுத்தால் மீற்றரில் விடை கிடைக்கும். மாரி வெள்ளத்தில் வேகம் ஒரு மீற்றராக ஏறினாலும் 5 சென்ரிமீற்றர்தான். அதுவும் மோதும் தண்ணீர் முழு வேகத்தையும் இழந்தால். ஆற்றின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் ஒரு மரம் இதில் ஒரு பங்கைத்தான் உயர்த்தும்.

எத்தனை பங்கு என்று கணக்குப் பார்ப்பது கஷ்டமில்லை. ஆறு 30 மீற்றர் அகலம், கரை நிரம்பும்போது சராசரி ஆழம் 4 மீற்றர் என்று வையுங்கள். குறுக்குவெட்டு 120 சதுர மீற்றர். அடிமரம் 60 சென்ரிமீற்றர் தடிப்பு, 12 மீற்றர் நீளம், சரி குறுக்கே கிடக்கிறது: 7.2 சதுர மீற்றர். தலை 6 மீற்றருக்கு 3 மீற்றர், பாதி இடைவெளி என்று எடுத்தால் 9. மொத்தம் 16, அதாவது ஆற்றின் 13 வீதம். அது உயர்த்தும் மட்டம் ஒரு சென்ரிமீற்றர் கூட வராது. தலையைக் கவ்வாத்துப் பண்ணி, மரத்தை ஓட்டத்துக்கு 30 பாகை சாய்வாகத் திருப்பினால் 13 வீதம் 4 அல்லது 5 வீதமாக இறங்கிவிடும். மந்தமான ஆறுகளில் வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் கட்டைவிரல் கணக்கு: 10 வீதத்துக்குக் கீழே தடை என்றால் வெள்ள மட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வராது.

கணக்கை நம்பாதவருக்கு அளந்து காட்டலாம். மேசன்மார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் லெவல் ரியூப் போதும், 25 மீற்றர் நீளம். மரத்துக்கு மேலே 10 மீற்றரில் ஒரு கம்பு, கீழே 10 மீற்றரில் ஒரு கம்பு அடித்து, ரியூப் மட்டத்தை இரண்டிலும் குறித்து, அந்தக் குறியிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு என்று பாருங்கள். ரியூபுக்குள் காற்றுக் குமிழி நின்றால் அளவு பொய்யாகும், நன்றாகத் தட்டி வெளியேற்றிவிட்டு அளக்க வேண்டும். வித்தியாசம் ஒரு விரற்கடைக்கும் குறைவாக வந்தால் உங்கள் வயலில் நிற்கும் தண்ணீருக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணம் அநேகமாகக் கீழே இருக்கும். மட்டக்களப்பு வாவியோ வாழைச்சேனைக் களப்போ நிரம்பி நிற்கும்போது ஆற்றின் கடைசிப் பகுதி ஓடுவதில்லை, தேங்குகிறது. பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாற்று முகத்துவாரமும் மணலால் மூடிக் கிடக்கும் காலத்தில் வாவி மட்டம் எங்கே நிற்கிறதோ, கரையோர வயலின் மட்டமும் அங்கேதான் நிற்கும். அதற்குமேல் குளங்களின் வான்கதவு திறக்கிற நேரம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஒரு மருதமரத்தோடு மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை.

ஆனால் ஒரு விடயத்தில் விதானையார் பேச்சில் நியாயம் உண்டு. ஆற்றுவாழை, அதாவது ஆகாயத்தாமரை. குளங்களிலும் வில்லுகளிலும் (இயற்கையான தாழ்நில நீர்நிலைகள்) இருந்து வெள்ளத்தோடு அள்ளுண்டு வரும் ஆற்றுவாழையும் சல்வீனியாவும் மூங்கிலும் பொலித்தீனும் மரத்தின் தலையில் வந்து சிக்கினால், இடைவெளியெல்லாம் அடைபட்டு, அதன்மேல் இன்னும் குப்பை சேர்ந்து அகலமான பாய் விரித்தாற்போல் ஆகிவிடும். 13 வீதத் தடை 60 வீதம் வரைகூட ஏறலாம். மிச்சம் உள்ள இடுக்கில் தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் வேகம் எடுக்கும், மேலே மட்டம் ஒரு சாண் வரை ஏறும், எதிர்க்கரை அறுபடத் தொடங்கும். ஆக, குற்றவாளி அடிமரம் அல்ல, தண்ணீர் மட்டத்தில் கை விரித்து நிற்கும் சின்னக் கிளைகள். கையளவு தடிப்புக்கும் குறைந்த கிளைகளையும், வெள்ள மட்டத்தில் நிற்கும் எல்லாக் கவர்களையும் கழித்துவிட்டால் பாய் பிடிக்காது. நீருக்கு அடியில் கிடக்கும் தடித்த கிளைகளைத் தொட வேண்டாம். மரத்தை அசையாமல் பிடித்து வைத்திருப்பது அவைதான், மீனுக்கு வேண்டியதும் அவைதான்.

மீன் என்றதும் சிலர் சிரிப்பார்கள். நம் ஆறுகளின் அடி மணலும் சேறும். மலைநாட்டு ஆறு போல் கல் கிடையாது. மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதில் பாசியோ பூச்சிப்புழுவோ ஒட்டி வாழ்வது கஷ்டம். அசையாத கெட்டியான பரப்பு என்று ஆற்றுக்குள் இருப்பது விழுந்த மரமும் கரையோர வேரும்தான். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் சட்டில்லா என்ற, நம் ஆறுகளைப் போலவே மணலடி கொண்ட மந்தமான ஆற்றை ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார்கள். வாழ்விடப் பரப்பில் விழுந்த மரம் வெறும் 4 வீதம். ஆனால் முதுகெலும்பற்ற உயிர்களின் மொத்த எடையில் ஏறத்தாழ 60 வீதம் அதில்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவின் மரே ஆற்றில் படகுப் போக்குவரத்துக்கும் நீரோட்டத்துக்கும் என்று பல தசாப்தங்களாக மரங்களைத் தூக்கி எறிந்தார்கள். பிறகு மீன் குறைந்தது கண்டு, ஹியூம் அணைக்கும் யாரவொங்காவுக்கும் இடையில் ஆயிரக்கணக்கான மரங்களைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டார்கள். காசு கொடுத்து எடுத்ததைக் காசு கொடுத்துப் போட்ட கதை.

இங்கே இன்னொரு சங்கதி உண்டு. அடிமரத்தின் கீழாகவும் ஓரமாகவும் தண்ணீர் சுழித்து மணலைத் தோண்டும். அப்படித் தோண்டிய கிடங்கு சுற்றுப்புறத்தைவிட ஒரு மீற்றருக்கு மேல் ஆழமாக இருக்கலாம். ஆவணி, புரட்டாதியில் ஆறு வற்றி மணல் திட்டுகளாகும்போது விராலும் கெளுத்தியும் இறாலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடப்பது அந்தக் கிடங்குகளில். மரத்தை எடுத்தால் அடுத்த மாரியிலேயே மணல் வந்து கிடங்கை மூடிவிடும். வீச்சுவலைக்காரருக்கு மரம் எரிச்சல்தான், வலை கிழியும். என்றாலும் மீன் எங்கே நிற்கிறது என்று கேட்டால் அந்த மரத்தைத்தான் காட்டுவார்கள். நீர்கொழும்புக் களப்பில் கிளைகளைக் கட்டு கட்டாக நட்டு மீனைச் சேர்த்துப் பிடிப்பதும் இதே தத்துவம். மரத்தில் சிக்கிக் கிடக்கும் பழைய தங்கூசி வலைகளை மட்டும் தவறாமல் அறுத்து எடுங்கள். ஆள் இல்லாமலே அவை மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டிருக்கும்.

இனி வேலை. காலம் முதலில். வெள்ளம் வடிந்த கையோடு ஓட வேண்டாம், கரை ஊறிக் கிடக்கும், இயந்திரம் புதையும், இன்னொரு மரம் சரியும். சிறுபோக அறுவடை முடிந்து, துருசு மூடி, ஆறு ஆகக் குறைவாக ஓடும் ஆவணி, புரட்டாதி நல்ல காலம். கல்லோயா, அதாவது பட்டிப்பளை ஆறு போல் மேலே நீர்த்தேக்கம் உள்ள ஆறு என்றால் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். காலையில் முழங்கால் அளவு இருந்தது மத்தியானம் இடுப்புக்கு வரும்.

அனுமதியும் அப்படியே. ஆற்று ஒதுக்குக்குள், அதாவது ஆற்றோரமாக ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள், விழுந்த மரம் வளவு மரம் அல்ல. கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் போடுங்கள், நீர்ப்பாசனப் பொறியியலாளர் அலுவலகத்துக்குப் பிரதி ஒன்று. மரத்தை ஏற்றிச் செல்வதானால் அதற்கும் அனுமதி பற்றிக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெளிப்படையாகச் சொன்னால், “வெள்ளத்துக்கு இடைஞ்சல்” என்று எழுதப்படும் மனுக்களில் சில, மருதம் பலகையின் விலையைப் பார்த்து எழுதப்படுபவை. பட்டையைச் சுட்டால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பும் கிடைக்கும் மரம் அது, ஆசை வராமல் இருக்குமா.

மரத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வேர்க்கட்டியில் பாதி இன்னும் மண்ணுக்குள் இருந்து, இலை பச்சையாக நின்றால் மரம் சாகவில்லை. மருது படுத்தபடியே துளிர்த்து, கரையை முன்னைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். அதைக் கழித்து விடுவதோடு சரி. வேர் முழுதும் பிடுங்குண்டு கிடந்தாலும் வேர்க்கட்டியை அடிமரத்திலிருந்து வெட்டிப் பிரிக்க வேண்டாம். ஆற்றுக்குள் மரத்தை நங்கூரம் போல் பிடிப்பது அந்த வேர்க்கட்டிதான். அதை வெட்டியதும் மிச்சம் வெறும் உருளை, முதல் வெள்ளத்திலேயே கிளம்பி ஊர்வலம் போகும். ஆளுக்கும் ஆபத்து: நிமிர்ந்து நிற்கும் வேர்க்கட்டி, அடிமரத்தின் பாரம் போனதும் தன் குழிக்குள் திரும்பச் சாயும். குழிக்குள்ளோ வேருக்குப் பின்னாலோ ஆள் நின்றால் முடிந்தது.

எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. மரத்தை மூன்றடி நான்கடித் துண்டுகளாக அரிந்து, “வெள்ளம் கொண்டுபோகட்டும்” என்று ஆற்றிலேயே விட்டுவிடுவது. வெள்ளம் கொண்டுதான் போகும், அடுத்த மதகு வரை. முழு மரம் ஒன்று ஒரு இடத்தில் கிடந்து செய்யாத கெடுதியை முப்பது துண்டுகள் ஒரு தாம்போதிக் குழாய்க்குள் செய்யும். ஆற்றின் அகலத்தில் பாதிக்கு மேல் நீளமுள்ள, வேரோடு கூடிய மரம் இலகுவில் நகராது. வெட்டினால் வெட்டியது அவ்வளவும் அன்றே கரையேற வேண்டும், வெள்ள மட்டத்துக்கு மேலே.

பெக்கோவைப் பற்றி. மேலே சொன்ன 12 மீற்றர் அடிமரத்தின் கன அளவு ஏறத்தாழ 3.4 கன மீற்றர். பச்சை மருது தண்ணீரின் பாரத்தோடு ஒத்தது, நன்றாக ஊறினால் அதற்கும் மேல். ஆக மூன்றரைத் தொன். தண்ணீருக்குள் கிடக்கும்போது இந்தப் பாரம் தெரியாது, ஒரு ட்ரக்டர் அசைத்து விடும். அதை நம்பிக் கரையேற்றத் தொடங்கினால், மரம் தண்ணீரை விட்டு வெளியே வர வரப் பாரம் முழுவதும் கயிற்றில் இறங்கும். ட்ரக்டரின் முன்சில்லு தூக்கும், அல்லது கயிறு அறும். பெக்கோவாலும் அதைத் தூக்க முடியாது, இழுத்துத்தான் வர வேண்டும். இழுத்த இடத்தில் கரை உழுதாற்போல் கிழியும். அடுத்த மாரியில் ஆறு உடைத்துக்கொண்டு வயலுக்குள் வருவது அந்தக் கிழிசலால். எடுத்தேயாக வேண்டும் என்றால் தண்ணீருக்குள் இருக்கும்போதே இரண்டு மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றாக, கரை சரிவான ஒரே இடத்தால் ஏற்றுங்கள்.

திருப்புவதற்கு இவ்வளவு பாடு இல்லை. மரம் தன் வேர் இருக்கும் கரையோடு 20 முதல் 40 பாகை வரை சாய்ந்து, தலை கீழ்நோக்கிக் கிடக்க வேண்டும். கீழ்ப்பக்கமாக அதே கரையில் 40 மீற்றர் தள்ளி ட்ரக்டரை நிறுத்தி, தலைப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் வடத்தைக் கட்டி மெதுவாக இழுங்கள். கம்பி வடம் என்றால் நடுவில் நனைத்த சாக்கு இரண்டு தொங்க விடுங்கள், அறுந்தால் பாய்ச்சல் குறையும். வடத்தின் நீளத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு நுட்பம். மரத்துக்கு மேலாக வழியும் தண்ணீர், மரத்துக்குச் செங்குத்தான திசையில்தான் இறங்கும். கீழ்நோக்கிச் சாய்ந்த மரத்தின் மேலால் வழியும் தண்ணீர் ஆற்றின் நடுவுக்குப் போகாமல், வேர் இருக்கும் கரைக்கே திரும்பி அடிக்கும். அதனால் மரத்துக்கும் கரைக்கும் நடுவில் உள்ள மூலை அரித்துப் போகும். தடுக்க, கழித்த கிளைகளைக் கட்டுக்கட்டாக, அடிப்பக்கம் மேல்நோக்கி, அந்த மூலைக்குள் நெருக்கமாகத் திணியுங்கள். வெள்ளம் அதற்குள் மண்ணைப் படிய வைக்கும். கட்டுகள் மிதந்து போகாமல் பனங்கம்பு குறுக்கே வைத்து அடிக்க வேண்டும்.

மரத்தையும் அப்படியே பிடிக்கலாம். 10 அல்லது 12 சென்ரிமீற்றர் தடிப்பு, 3 மீற்றர் நீளக் கம்புகள் நான்கு. அடிமரத்தின் இரு பக்கமும் சோடி சோடியாக, மேல்முனை மரத்துக்கு மேலே ஒன்றையொன்று குறுக்கிடும்படி சாய்த்து, 2 மீற்றர் மண்ணுக்குள் போகும்வரை இறக்கி, சந்திக்கும் இடத்தில் தடித்த கல்வனைஸ் கம்பியால் இறுக்குங்கள். கிளை கழிக்காத தலையை இப்படிக் கட்டிப் பிடிக்க நினைக்காதீர்கள். 6 மீற்றருக்கு 2 மீற்றர் பாய் பிடித்த தலையில், செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 600 கிலோ தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்கு, 2.4 தொன். எந்தக் கம்பும் நிற்காது.

வாள் வேலை தெரிந்தவரை வையுங்கள். வெள்ளத்தில் கிடந்த மரத்தின் பட்டையெல்லாம் மணல். அப்படியே செயின் சோவை வைத்தால் இரண்டு வெட்டில் சங்கிலி மழுங்கும். வெட்டும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைக் கோடரியால் செதுக்கிவிட்டு வெட்டுங்கள். கிளை வளைந்து நின்றால் உள்வளைவு நெருக்குண்டிருக்கும், வெளிவளைவு இழுபட்டிருக்கும். நெருக்குண்ட பக்கத்தை முதலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து மெதுவாக. மாற்றிச் செய்தால் வாள் கடிபடும், அல்லது கிளை முகத்தில் அறையும். நீருக்குள் மறைந்திருக்கும் கிளை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று தெரியாது, அதை வெட்டாமல் விடுவதே புத்தி. ஓடும் தண்ணீரில் மரத்துக்கு மேற்பக்கம் இறங்கவே கூடாது, கால் வழுக்கினால் ஓட்டம் ஆளைக் கிளைகளுக்குள் அமத்திவிடும், வெளியே வர முடியாது. வெள்ளத்துக்குப் பிறகு தலைக்குள் கண்ணாடிப் புடையன், முசுறு, குளவி எல்லாம் குடியிருக்கும், நீளக் கம்பால் அடித்துப் பாருங்கள். முதலை கரையேறி வெயில் காய விரும்புவதும் இப்படிப்பட்ட மரங்களில்தான். விடியலிலும் பொழுதுபட்டும் அந்தப் பக்கம் வேலை வேண்டாம்.

இனி எடுத்தே ஆக வேண்டியவை. பாலத்தின் ஒரு கண்ணுக்கு (இரண்டு தூணுக்கு நடுவில் உள்ள இடைவெளிக்கு) மேலான நீளமுள்ள, வேர் விட்டுப்போன மரம் மேலே எங்கே கிடந்தாலும் அது ஒரு நாள் தூணில் குறுக்கே போய்ப் படுக்கும். தூணடி மணலைத் தண்ணீர் தோண்டுவது அப்போதுதான். கிரான் புலிபாய்ந்தகல் வீதியிலும் மாவடிப்பள்ளியிலும் போல வருடாவருடம் வெள்ளம் மேவும் தாம்போதிகளுக்கு மேலே தளர்ந்த மரம் இருந்தால் ஐப்பசிக்கு முன் எடுத்துவிட வேண்டும். வெள்ளம் மேவிய பிறகு தாம்போதியில் நின்று குப்பை தள்ளப் போகாதீர்கள். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் தண்ணீர் உழவு இயந்திரத்தையே இழுத்துக்கொண்டு போனது. அந்த நேரத்தில் செய்யக்கூடியது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைப்பது மட்டும். கல்லோயா இடதுகரை வாய்க்கால் போன்ற வெட்டிய வாய்க்கால்களுக்கும் இந்தப் பதிலில் உள்ள பொறுமை பொருந்தாது. வாய்க்கால் ஆறு அல்ல, அதில் விழுந்தது எல்லாம் வெளியே. தென்னங்குற்றியும் அப்படியே: கிளையும் இல்லை, பிடிக்கும் வேரும் இல்லை, உருண்டு திரியும், சில வருடத்தில் உக்கிப்போகும். 1978 சூறாவளிக்குப் பிறகு தென்னங்குற்றிக்குக் குறைவிருக்கவில்லை, ஆற்றுக்கு உதவும் மரம் அதுவல்ல.

மரம் எவ்வளவு காலம் கிடக்கும் என்றும் கேட்பார்கள். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதிக்குக் காற்றுப் படாததால் உக்குவது மிக மெதுவாக. கல்லோயாவின் பெரிய நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் இறங்கும்போது தலைநீட்டும் பட்ட மரங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உக்குவது நனைந்தும் காய்ந்தும் மாறும் நீர்மட்ட வளையம். உப்புநீர் ஏறும் கீழ்ப்பகுதியில் மட்டும் துளைப்புழு வேகமாகத் தின்றுவிடும்.

முதல் வெள்ளம் வடிந்ததும் போய் மூன்று இடம் பாருங்கள்: வேர்க்கட்டிக்குப் பின்பக்கக் கரை, நேர் எதிர்க்கரை, கம்பிக் கட்டு. எதிர்க்கரையில் புதிதாகச் செங்குத்தாக அறுபட்ட மண் தெரிந்தால் மரம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், தலைப்பக்கத்தை இன்னும் இரண்டு மீற்றர் குறையுங்கள். நீர்மட்ட வளையத்தில் கத்தி முனையைக் குத்திப் பாருங்கள், இரண்டு விரற்கடைக்கு மேல் இலகுவாக இறங்கினால் அந்த இடத்தில் ஒரு நாள் முறியும். முறியும் பக்கத்துத் துண்டுக்கு இன்னொரு சோடிக் கம்பு வேண்டும். மரம் பிடுங்குண்ட பள்ளத்தில் ஐப்பசி மழைக்கு முன் மருதங்கன்று மூன்று மீற்றருக்கு ஒன்றாக இரண்டு வரிசை, நடுவில் புங்கும் நாவலும். மாடு இறங்கும் இடம் என்றால் கன்றைவிட முள்வேலிக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும்.